மூன்றாம் கம்பி இல்லாத யன்னல்

எத்தாளை
2011 மே 9

அன்புள்ள ஸஹ்னா ராத்தாவுக்கு,

கொப்பி நேற்று வந்து சேர்ந்தது. தபால்காரர் அதை மணந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்குள்ள என்ன, நெத்தலிக் கருவாடா?" என்று கேட்டார். போன முறை நான் ஒட்டிய மீன் செதில் இன்னும் மணக்கிறதாம். நீங்கள் எப்படித்தான் ஒரு கிழமை அதை வீட்டில் வைத்திருந்தீர்களோ.

புத்தளத்தில் பயிற்சி வகுப்பு முடிந்து இரண்டு ஆசிரியைகளுக்கு ஒரு வெறுங்கொப்பி என்று தந்தபோது, இது ஒரு மாதம்கூட ஓடாது என்றுதான் நினைத்தேன். பென்சில் தொடக் கூடாது, அந்தக் கிழமை கையில் அகப்பட்டதை வைத்துத்தான் பக்கத்தை நிரப்ப வேண்டும், போனில் கதைக்காமல் கடிதம் எழுதிக் கொப்பிக்குள் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னபோது சிரித்தேன். இப்போது பாலர் பாடசாலை விட்டதும் குப்பை பொறுக்குகிறவளைப் போலத் திரிகிறேன். அம்மா ஏசுகிறா.

இந்த முறை மூன்று பக்கம். முதலாவதில் இருக்கும் சேவல் முழுக்க வெங்காயச் சருகு. இரண்டாவது தேயிலைச் சாயமும் அறுந்த வலை நூலும். மூன்றாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். விளக்குச் சிமினிக் கரியைக் கஞ்சியில் குழைத்து விரலால் சும்மா இழுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு கதவு வந்தது. பக்கத்தில் ஒரு யன்னலும் வந்தது. கம்பிக்கு ஐந்து ஈர்க்கில் துண்டு எடுத்தேன். மூன்றாவது மட்டும் ஒட்ட ஒட்ட விழுந்தது. மூன்று தரம் பார்த்துவிட்டு அந்த இடத்தில் சிவப்புத் துணிக் கீலம் ஒன்றைக் கட்டினேன். கட்டியதும், இதுதான் சரி என்று பட்டது. ஏன் என்று தெரியவில்லை.

வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். சேவலைத் தடவிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு பிள்ளையும் தொடவில்லை.

உங்கள் முறை.
யூஜினி

*

புத்தளம்
2011 மே 17

அன்புள்ள யூஜினிக்கு,

சேவலை வாப்பாவுக்குக் காட்டினேன். "அறுக்கிற பருவம்" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடைக்காது.

நான் செய்தது: உப்பு வாய்க்கால் பக்கம் போய், தெருவில் திரிகிற கழுதை ஒன்றை ஈர மண்ணில் நடக்கவிட்டு, அதன் குளம்படியைக் கடதாசியில் ஒற்றி எடுத்தேன். கழுதை ஒத்துழைக்கவில்லை. என் அபாயா நாசம். பிறகு மருதோன்றிச் சாந்தில் உப்பைத் தூவிக் காயவிட்டேன், பூ மாதிரி விரிந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

உன் கதவுப் பக்கத்தில் பஸ் டிக்கட்டுகளை ஒட்டி மூடிவிட்டேன். கோபிக்காதே. காரணம் சொல்கிறேன். எங்கள் சொந்த ஊர் வடக்கே முசலிப் பக்கம். தொண்ணூறில் இயக்கத்துக்காரர்கள் துவக்கோடு வந்து, முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றபோது எனக்கு ஒன்பது வயது. அங்கே எங்கள் வீட்டுப் பின்னறை யன்னலில் நான் தலையை விட்டு மாட்டிக்கொண்டேன் என்று வாப்பா மூன்றாவது கம்பியை அறுத்தெடுத்தார். அந்த இடைவெளியில் உம்மா சிவப்புச் சீத்தைத் துணியைக் கட்டினா. இதை உனக்கு நான் எப்போதும் சொன்னதில்லை என்றுதான் நினைக்கிறேன். சொன்னேனா?

தற்செயல்தான். ஆனால் மேசையில் விரித்து வைத்திருந்தபோது முதுகுப் பக்கம் யாரோ நிற்பது போலிருந்தது.

ஸஹ்னா

*

எத்தாளை
2011 மே 28

ராத்தா,

நீங்கள் சொன்னதில்லை. சத்தியமாக இல்லை.

உங்கள் டிக்கட்டுகள் இங்கே வந்து சேரும்போது கறுத்துப் போயிருந்தன. பசை ஈரத்தில் கீழே இருந்த கரி ஊறி வந்திருக்கும், அது விளங்குகிறது. ஆனால் ஊறியது கதவு நின்ற இடத்தில் இல்லை. கதவுக்கு இடப்பக்கம், வெறுமையாக விட்ட இடத்தில்தான் கறை. குந்தி இருக்கிற ஒரு மனுஷியைப் போல் இருக்கிறது. நீங்கள் பார்த்தால் வேறு மாதிரித் தெரியக்கூடும்.

பயத்தைப் போக்க வேறு ஏதாவது செய்வோம் என்று அடுத்த பக்கத்தில் சிப்பித் தூளும் பால்மாப் பைக்கற்றின் வெள்ளித்தாளும் எடுத்தேன். கடல் செய்யத்தான் தொடங்கினேன். வெள்ளித்தாளை வெட்டியபோது ஆமைப்பூட்டு வந்தது. எங்கே ஒட்டுவது என்று யோசிக்கவே இல்லை, கை நேரே பழைய பக்கத்துக்குப் போய், டிக்கட்டுகளுக்கு மேலே, கதவு நின்ற இடத்தில் வெளிப்பக்கமாக ஒட்டிவிட்டது. ஒட்டிய பிறகுதான் யோசித்தேன், அந்த மனுஷி உள்ளே இருக்கிறா, பூட்டு வெளியே தொங்குகிறது.

கடைசிப் பக்கத்தில் அவவின் முகம். களிமண்ணும் மஞ்சளும். வாயில் ஒரு விரல் வைத்திருக்கிறா. நான் வைக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

நான் பிறந்தது அரிப்பில். ஐந்து வயதில் தோணியில் இங்கே வந்தோமாம். எனக்கு எதுவும் நினைவில்லை. அப்பா லோறன்ஸ் செத்து ஏழு வருடமாகிறது. அம்மா அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்க மாட்டா. இதை எல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் வீட்டை எனக்குத் தெரிய வழியே இல்லை என்று நீங்கள் நம்ப வேண்டும்.

யூஜினி

*

புத்தளம்
2011 ஜூன் 6

யூஜினி அவர்களுக்கு,

கொப்பியை இத்துடன் அனுப்பவில்லை. அது என்னிடம் இருக்கட்டும்.

நேராகவே கேட்கிறேன். எங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?

நீங்கள் செய்த முகத்தை வாப்பா கண்டுவிட்டார். நான் காட்டவில்லை, மேசையில் கிடந்தது. அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுத்துவிட்டு வந்தவர் அப்படியே நின்றார். "இது சபூரா" என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பிப் பூட்டைப் பார்த்தார். "பூட்டெ ஆரு சொன்னது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கதிரையில் இருந்துவிட்டார். அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை.

சபூரா என் மாமி, வாப்பாவின் தங்கை. வாய் பேசமாட்டா. கண்ட கண்ட பொருளை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு தன்பாட்டில் இருப்பா. நாங்கள் வெளியேறிய நாளில் மாமியை வேறொரு தோணியில் ஏற்றிவிட்டதாகவும், அந்தத் தோணி கரை சேரவில்லை என்றும்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. இருபத்தொரு வருடமாக அதை நம்பி ஓதி வருகிறோம். பூட்டு என்று ஒரு கதையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. வாப்பாவிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எங்கள் வீடுகளுக்குள் யார் யார் போனார்கள், எதை எதை எடுத்தார்கள் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். உங்கள் வீட்டாரும் அதில் இருந்தார்களா? இருந்தால் அதை எழுதுங்கள். விளையாட்டுக் காட்ட வேண்டாம்.

ஸஹ்னா நூஹு

*

எத்தாளை
2011 ஜூன் 15

ராத்தா,

நீங்கள் "நீங்கள்" என்று எழுதியதை நாலு தரம் வாசித்தேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, சபூரா என்ற பெயர் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தா. "அவவுக்குப் பேர் அதா?" என்று கேட்டா. அவ்வளவு காலமும் பெயர் தெரியாதாம்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அரிப்பில் ஷெல் விழத் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் கையில் கிடைத்ததோடு ஓடியிருக்கிறார்கள். பக்கத்தில் உங்கள் ஊர் வெறுமையாகக் கிடந்தது. நீங்கள் போய் மூன்று நாள். திறந்து கிடந்த வீடொன்றுக்குள் நாங்கள் நுழைந்தோம். "எடுக்கப் போகேல்ல பிள்ளை, ஒதுங்கத்தான் போனம்" என்று அம்மா அழுத்திச் சொன்னா. பின்னறையில் மட்டும் வெளியே பூட்டு. உள்ளே சுவரைச் சுரண்டுகிற சத்தம். எலி என்றாராம் அப்பா. சத்தம் நிற்கவில்லை. கோடரியால் பூட்டை உடைத்தார். கதவைத் திறந்தது அம்மா.

உள்ளே ஒரு மனுஷி. தண்ணீர்க் குடம் காலி. விரல் நுனி எல்லாம் தேய்ந்து இரத்தம். சுவர் முழுக்கக் கரியாலும் இரத்தத்தாலும் கோடுகள், தோணிகள், நிறையத் தோணிகள். அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாவாம். குடித்துவிட்டு மிச்சக் கஞ்சியை எடுத்துச் சுவரில் ஒரு புளிய இலையை ஒட்டினாவாம்.

ஏழு மாதம் எங்களோடு இருந்திருக்கிறா. "நீ அவவிட மடியில இருந்துதான் ஒட்டப் பழகின. சிப்பி, வெள்ளித்தாள், துணி, எல்லாம். ரெண்டு பேரும் ஒரு சுவரை விட்டுவைக்கேல்ல" என்றா. அதனால்தான் என் கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த மே மாதம் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் இறந்துவிட்டாவாம். பின் வளவில் முருங்கைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்களாம். பிறகுதான் நாங்கள் தோணி ஏறினோமாம்.

இவ்வளவும்தான். வீட்டுக்குள் போனது உண்மை. மன்னிக்கச் சொல்லி அம்மா கேட்கிறா.

யூஜினி

*

புத்தளம்
2011 ஜூன் 30

யூஜினி,

உன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசிக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. வாசித்த பிறகு அவர் சொன்னதை எழுத இன்னும் ஒரு கிழமை.

அன்றைக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். மாமி துவக்கைக் கண்டால் பயந்து அதை நோக்கியே ஓடுவாவாம். அன்று இரண்டு தரம் ஓடியிருக்கிறா. மூன்றாம் தரம் சுட்டுவிடுவோம் என்றார்களாம். வாப்பா மாமியைப் பின்னறைக்குள் விட்டுப் பூட்டினார். எங்களைக் கரையில் சேர்த்துவிட்டு வந்து கூட்டிப் போவதாக எண்ணம். கரைக்கு வந்தவர்களைத் திரும்ப விடவில்லை. சாவி வாப்பாவின் இடுப்பில் இருந்தது. அதைக் கடலில் போட்டாராம்.

"அவள் தாகத்துல மௌத்தானாண்டு நெனச்சேன். இருவத்தொரு வருஷம் ஒரு கிளாஸ் தண்ணி நிம்மதியாக் குடிக்கல்ல" என்றார். உம்மா மௌத்தாகும்போதுகூட அவவிடம் சொல்லவில்லையாம்.

பூட்டை உடைத்தார்கள் என்ற இடத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். கஞ்சி கொடுத்தார்கள் என்பதை நாலாம் தரம் கேட்டார். ஏழு மாதம் என்றதும் விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவினார்.

உன்னிடம் நான் எழுதிய விதத்துக்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாப்பா உன் அம்மாவுக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறார், அவரே கடைக்குப் போய் எடுத்தது. நோன்பு முடிந்ததும் ஊருக்குப் போகப் போகிறோம். இப்போது சிலர் அங்கே திரும்பிக் குடியேறிக் காடு வெட்டுகிறார்கள். மாமியின் கப்ரைக் கண்டுபிடித்து வாப்பாவுக்கு அங்கே நின்று ஓத வேண்டுமாம். உன் அம்மாவிடம் முருங்கை எந்தப் பக்கம் என்று கேட்டு எழுது.

ஸஹ்னா

*

எத்தாளை
2011 ஜூலை 19

ராத்தா,

கப்ரைத் தேட வேண்டாம்.

சேலையை அம்மா தொடவில்லை. கொண்டு வந்து கொடுத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டா. அலுமாரியில் வைத்தேன். மறுநாள் வெளியே, வாசல் கதிரையில் இருந்தது. முருங்கை எந்தப் பக்கம் என்று கேட்டேன். கிழக்கு என்றா. மாலை கேட்டேன், கிணற்றடி என்றா.

அன்றைக்கு ஒரு கடதாசி எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பசையும் மணலும் போட்டேன். கை எங்கே போகிறதோ போகட்டும் என்று விட்டேன். கண்ணைத் திறந்தபோது ஒரு மரப் பெட்டகம் இருந்தது, நெல் போட்டு வைப்பது போல. மூடி கொஞ்சம் திறந்திருந்தது. இடுக்கில் ஒரு கண்ணும் வாயில் வைத்த விரலும். இம்முறை எனக்கு நினைவு வந்தது.

நானும் சபூரா மாமியும் ஒளித்துப் பிடித்து விளையாடுவோம். மாமி எப்போதும் அந்தப் பெட்டகத்துக்குள்தான் ஒளிப்பா, அது எனக்கு மட்டும்தான் தெரியும். தோணி வந்த நாளிலும் ஒளித்தா. அப்பா "எங்க, எங்க" என்று வளவெல்லாம் தேடுகிறார். மாமி மூடியைத் தூக்கி என்னைப் பார்த்து விரலை வாயில் வைக்கிறா. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். அப்பா என்னைக் கேட்கிறார், "பிள்ளை, கண்டியா?" நான் இல்லை என்று தலையாட்டுகிறேன்.

அம்மாவிடம் போய்த் தோணி வந்த நாள் என்று மட்டும் சொன்னேன். சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்தா.

"காய்ச்சல் இல்ல பிள்ளை. உயிரோடதான் விட்டுட்டு வந்தம். தோணிக்காரன் நிக்கமாட்டன் எண்டான். அப்பா ஒரு மணித்தியாலம் தேடினவர்" என்றா. பெட்டகத்துக்குள் இருந்ததை நான்தான் இப்போது சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியாது. "உனக்குத் தெரியுமா அப்ப?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

நீங்கள் ஒரு தரம் விட்டீர்கள். நாங்கள் இரண்டாம் தரம் விட்டோம். இதை வாப்பாவிடம் சொல்வதா இல்லையா என்பது உங்கள் கையில்.

யூஜினி

*

புத்தளம்
2011 செப்டெம்பர் 12

யூஜினி,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு நோன்பு காரணம் என்று சொல்லலாம். அது பொய். உன் கடிதத்தை வாப்பாவிடம் கொடுத்துவிட்டு, உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

முந்தாநாள் போனோம். எலுவன்குளம் வழியாகக் காட்டுப் பாதை. ஊரின் பெயர்ப்பலகையைத் தவிர எனக்கு ஒன்றும் பழக்கமாகத் தெரியவில்லை. எல்லாம் காடு. திரும்பிக் குடியேறியவர்களில் அத்தாஉல்லா என்று ஒருவர், வாப்பாவுக்குத் தூரத்து உறவு, எங்களைக் கூட்டிப் போனார். கத்தியால் வெட்டி வெட்டித்தான் நடந்தோம். முன் கூரை விழுந்து கிடக்கிறது. பின்னறைக்கு மட்டும் சீமெந்துத் தட்டுக் கூரை என்பதால் நிற்கிறது. அந்த யன்னலைக் கண்டதும் நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். வாப்பாதான் முதலில் நுழைந்தார்.

உள்ளே நாலு சுவரிலும் களிமண் பூசி, அதில் பொருட்கள் பதித்திருக்கிறது. தரையில் இருந்து முழங்கால் உயரம்வரை சிப்பி. சின்னக் கை பதித்தது போலக் கோணல் மாணல். அது நீயாக இருக்கும். அதற்கு மேலே ஆள் உயரம், அதற்கும் மேலே கை எட்டுகிற உயரம். துவக்கு ரவைக் கோதுகள், கண்ணாடித் துண்டு, செருப்பு வார், மீன்முள், சோடா மூடி, பிஸ்கட் பைக்கற். தோணிகள் இல்லை. எல்லாம் ஆட்கள். வரிசையாக ஆட்கள், ஒவ்வொருவருக்கும் முகம் மட்டும் இல்லை.

ஒரு வெள்ளித்தாளின் ஓரத்தில் திகதி அடித்திருந்தது. என் கைப்பேசி வெளிச்சத்தில் வாசித்தேன். 1997. நீங்கள் போய் ஆறு வருடத்துக்குப் பிறகு. அதற்கு மேலேயும் நிறைய இருந்தது, அதில் எழுத்தொன்றும் இல்லை.

வெளியே வந்ததும் அத்தாஉல்லா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "நான் போன வருஷம் காணி பாக்க மொதல்ல வந்த நேரம், ஊரெல்லாம் பத்தை. இந்த வளவு மட்டும் கூட்டிக் கெடந்திச்சு. ஈர்க்குமாத்துக் கீறல் தெரிஞ்சிச்சு. எனக்கு முன்னால உங்கட ஆக்கள் ஆரோ வந்திருக்காங்கண்டு நெனச்சேன்."

எங்களில் ஒருவரும் போகவில்லை. அவர் ஆட்களோடு வந்து காடு வெட்டத் தொடங்கிய பிறகு வளவைக் கூட்டுவது நின்றுவிட்டதாம்.

வாப்பா திரும்பி வர மறுத்துவிட்டார். மருந்தையும் பாயையும் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தாஉல்லா வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஸஹ்னா

*

எத்தாளை
2011 செப்டெம்பர் 16

ராத்தா,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தானே வாசித்தா. முடித்துவிட்டு, "என்னத்தைச் சாப்பிட்டிருப்பா?" என்று கேட்டா. அதையே மூன்று நாளாகக் கேட்கிறா. சோறு போடும்போது கேட்கிறா. கோயிலில் முழந்தாளில் இருக்கும்போதும் பக்கத்தில் திரும்பிக் கேட்டா.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன். பசையைத் தொடவே பயமாக இருக்கிறது. கை இப்போது எதைச் செய்யும் என்று தெரியாது.

உங்கள் வாப்பா தனியே இருக்கிறாரா? அவருக்கு எங்கள்மேல் கோபமா? அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் கேட்க எனக்கு வாயில்லை.

யூஜினி

*

புத்தளம்
2011 செப்டெம்பர் 20

யூஜினி,

வாப்பாவுக்குக் கோபமில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன், நீயே பார்.

நேற்றுக் காலை வாப்பா அத்தாஉல்லாவின் போனில் இருந்து என்னோடு பேசினார். போன வியாழனில் இருந்து பொழுதுபட்டு மக்ரிப் தொழுத பிறகு பின்னறை வாசலில் ஒரு பீங்கானில் சோறு வைக்கிறாராம். முதல் நாள் சோறு அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழுந்தபோது சோறு இல்லை. பீங்கான் கழுவி, தண்ணீர் வடியக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்துக் கிடந்தது. நாலாம் நாளும் அப்படியே.

"நீங்க கழுவி வச்சிட்டு மறந்திருப்பீங்க" என்றேன்.

"எனக்கு எழுவது வயசு மகள். மூளை பெரளல்ல."

அத்தாஉல்லாவின் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லையாம். இருட்டினால் அங்கே போக ஒருவருக்கும் விருப்பமில்லை.

"அப்ப ஒளிச்சிருந்து பாருங்களேன் வாப்பா" என்றேன்.

"நான் பாக்க மாட்டேன். மொகத்த அங்கால திருப்பிக்கிட்டுத்தான் படுக்கிறேன். நான் பூட்டினவன். என்னக் கண்டா ஓடிருவாள். அந்தக் கதவத் தொறந்த மனுஷி இருக்காவே, அவவ அனுப்பு" என்றார்.

உன் அம்மாவும் விட்டுவிட்டுத்தானே வந்தா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "விட்டிட்டு வந்தது தெரியும். அதுக்கு முந்தித் தொறந்தாவே."

அங்கே வந்து போவது யார் என்று எனக்குத் தெரியாது. சபூரா மாமி என்றால் இப்போது நாற்பத்தெட்டு வயதிருக்கும். அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பயம். மாமி என்றாலும் பயம், மாமி இல்லை என்றாலும் பயம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வான் உங்கள் வாசலுக்கு வரும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறு. அவ மறுத்தால் நீ மட்டும் வா. நான் முன்னால் இருப்பேன், நீங்கள் இருவரும் நடுவில் இருங்கள். பின் ஆசனத்தில் ஒருவரையும் ஏற்ற வேண்டாம் என்று சாரதியிடம் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்று கேட்டான். வரும்போது தேவைப்படலாம் என்றேன்.

ஸஹ்னா